நடுவரிசை மரங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குத் தூக்கம் வராது. மரச் சங்கத்தில் சேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஏதும் இல்லை. தனி ஆளுக்கு வீட்டில் எவ்வளவு நேரம்தான் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்க முடியும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சுவரொட்டி இருந்தது. தேன்கொட்டை மரத்தைக் காப்போம், கை கொடுங்கள் என்று போட்டிருந்தது. கொடுத்தேன்.

என் அக்கா மகள் விழுந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன். டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

தேன்கொட்டை மரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வயதுக்கு வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் மலை முழுக்க அதுதான். உயரமாக, நெட்டையாக, பூக்கும் பருவத்தில் மலையே வெளுத்துக் கிடக்கும். கட்டில், கதவு, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை எல்லாம் அதில்தான் செய்தார்கள். கொட்டையை வறுத்துத் தின்றார்கள். பிறகு பட்டைக்கருகல் வந்தது. அது ஒரு பூஞ்சை. பட்டையில் நகக்கீறல் அளவு காயம் இருந்தால் போதும், உள்ளே போய்ப் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே படரும். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு முடித்ததும் மேலே இருப்பதெல்லாம் பட்டினியில் சாகும். காற்றில் போகும், மழைத் தண்ணீரில் போகும், செருப்பில் ஒட்டிய மண்ணில் போகும். எனக்கு மீசை முளைத்தபோது மலை மொட்டையாகியிருந்தது.

எங்கோ ஒன்றிரண்டு சாகாமல் நின்றன. சங்கத்தின் வேலை அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது. ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் பூவில் தடவுவார்கள். வேறு மகரந்தம் படாமல் பூவுக்குக் காகித உறை மாட்டுவார்கள். காய்த்த கொட்டையை நட்டு, கன்று வளர்த்து, எது நோயைத் தாங்குகிறது என்று பார்த்து, தாங்கியதை மறுபடி கலப்பார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் போனால் ஒருநாள் சாகாத மரம் கிடைக்கும் என்பது கணக்கு. சம்பளம் கிடையாது. தலைவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். பேக்கரி வைத்திருந்த ஒரு அம்மா வாராவாரம் மிச்ச ரொட்டியோடு வருவார். பஸ் ஓட்டுநர் ஒருவர், புதிதாகக் கல்யாணமான இரண்டு ஜோடிகள். நல்ல மனிதர்கள். மரத்தைத் தடவிக் கொடுத்துப் பேசுகிறவர்கள்.

அதனால்தான் ஒரு வேலைக்கு அவர்களில் யாருமே லாயக்கில்லை. கன்று நோயைத் தாங்குமா என்று தெரிய வேண்டுமென்றால் அதற்கு நோய் வர வேண்டும். தானாக வரும்வரை காத்திருக்க ஆயுள் போதாது. நாமே வைக்க வேண்டும். பேனா தடிமனில் ஒரு இரும்புக் குழாய், அதன் முனை கூர். நெஞ்சுயரத்தில் அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துண்டுப் பட்டை வந்துவிடும். அந்தக் குழியில் கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சையில் ஒரு துணுக்கை வைத்து, மேலே டேப் ஒட்டிவிட வேண்டும். சங்கத்தில் அதற்கு 'நோய் வைக்கிறது' என்று பெயர். அடுத்த பருவத்தில் போய்க் காயத்தை அளப்போம். பெருத்துப் போயிருந்தால் வேரோடு பிடுங்கி எரிப்போம். நூறு வைத்தால் தொண்ணூறுக்கு மேல் எரியும்.

தலைவர் முதல் கன்றிலேயே குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியலைப்பா. பச்சையா நின்னுட்டிருக்கு."

"குடுங்க சார்" என்றேன்.

எனக்கு அது பழக்கம். முப்பது வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அழுகிற குழந்தை, நரம்பு கிடைக்காத கிழவர், மயக்கம் போடுகிற தடியர், எல்லோருக்கும் ஊசி குத்தியவன். குத்தியதே தெரியவில்லை என்பார்கள். பூஞ்சையையும் நானே வீட்டு ஃபிரிட்ஜில் வளர்த்தேன். சங்கத்தில் எனக்கு ஊசி சார் என்று பெயர் விழுந்தது. பேக்கரி அம்மா பக்கத்தில் நின்று டேப் கிழித்துக் கொடுப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த அம்மாதான் உங்களிடம் வந்தார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை சீவிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான். அப்பா பங்கு பிரித்தபோது டவுன் வீட்டை எனக்கும் மலைக்கு அப்பால் இருந்த தோப்பை அக்காவுக்கும் எழுதினார். எனக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததில்லை. வீடு ஒழுகும், அவ்வளவுதான்.

அக்காவின் தோப்பில் இருநூறுக்கு மேல் தேன்கொட்டை மரங்கள் நின்றன. ஒன்றில்கூடக் கருகல் இல்லை. சுற்றிலும் பாறை. நடுவில் கிண்ணம் மாதிரி பள்ளம். காற்று மேலோடு போய்விடும். மிச்சத்தை அக்கா பார்த்துக்கொண்டாள். வாசலில் ஒரு தொட்டி நிறைய மருந்துத் தண்ணீர் வைத்திருந்தாள். யார் வந்தாலும் செருப்பை அதில் முக்கிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒருமுறை வரி வசூலிக்க வந்தவர் கழுவ மாட்டேன் என்றார். அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கொட்டை விற்றுத்தான் அவள் குடும்பம் நடந்தது. அத்தான் சாது. மரம், ரேடியோ, மத்தியானத் தூக்கம், அவ்வளவுதான் அவர் உலகம்.

சங்கத்தில் பல வருடம் ஆகியும் கன்றுகள் தேறவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கலப்பதற்கு எங்களிடம் இருந்தவை அதே ஐந்தாறு கிழட்டு மரங்கள். ஒரே குடும்பத்துக்குள் கொண்டு கொடுத்தால் என்ன ஆகும். புது ரத்தம் வேண்டும். அக்கா தோப்பின் இருநூறில் சிலவற்றுக்காவது தாங்கும் சக்தி இருக்க வேண்டும். எவை என்று யாருக்கும் தெரியாது. அவற்றுக்கு நோயே வந்ததில்லை. நோய் வராத மரத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் உண்மை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நோய் இல்லாத மரத்துக்கு எதுக்குடா நோய் வைக்கணும்?" என்றாள் அக்கா.

"எது தாங்கும்னு தெரியறதுக்கு."

"தெரிஞ்சு?"

"அதை வச்சு மலை முழுக்க மறுபடி வளர்க்கலாம்க்கா."

"தாங்காததெல்லாம்?"

"போயிடும்."

அக்கா என் தட்டைப் பார்த்தாள். "உனக்கு வேலை வேலைன்னு மூளை சூடாயிருச்சு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கோ" என்றாள். அத்தான் சிரித்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவளுக்குப் புரியவைக்க முடியாது என்பது புரிந்தது.

அத்தானுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த கண் டாக்டரிடம் நான்தான் நாள் வாங்கிக் கொடுத்தேன். அக்கா கூடப் போனாள். தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் போனேன். சாவியை என் கையில் கொடுத்து, "கோழிக்குத் தண்ணி வைடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல வெயில். தொட்டியில் செருப்பைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன். தோப்பின் நடுவரிசையை எடுத்துக்கொண்டேன். நடுவில் வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும், ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கத்து மரங்களுக்குச் சலுகை கொடுத்ததாகிவிடும். ஒரு டஜன் மரத்துக்கு வைத்தேன். டேப் ஒட்டவில்லை, வெட்டியெடுத்த பட்டையையே திரும்பக் குழியில் பொருத்தினேன். மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். பெரிய மரத்துப் பட்டை தடிமன், மணிக்கட்டு கொஞ்சம் வலித்தது. கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். முட்டைகளை எடுத்துக் கூடையில் போட்டு வைத்தேன். அக்கா வந்ததும் அத்தானின் கண் கட்டை விலக்கி நான்தான் சொட்டு மருந்து விட்டு மறுபடி கட்டினேன்.

அன்று சாயங்காலம் பாப்பா வந்தாள். அக்காவுக்கு ஒரே மகள். முப்பது வயதிலும் அவள் பாப்பாதான். செல்போன் டவரில் ஏறிப் பழுது பார்க்கும் வேலை. இடுப்பில் கயிறும் கொக்கியுமாக ஆகாசத்தில் தொங்குகிறவளைப் பாப்பா என்று கூப்பிடுகிறோமே என்று அத்தான் கேலி செய்வார். எங்கோ மலையில் வேலையிலிருந்தவள், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, பூட்ஸைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. தொட்டியைத் தாண்டி நேராக உள்ளே ஓடிவந்து, கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த அத்தானைக் கட்டிக்கொண்டாள். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள், அந்த நேரத்தில் தொட்டி அவள் நினைவுக்கே வரவில்லை.

அடுத்த பருவத்தில் நடுவரிசையில் இலை பழுத்தது. வெயில் என்றார் அத்தான். பிறகு பட்டை வெடித்து, ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன. அக்கா எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். நான் போய்ப் பார்த்து, கருகல்தான் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. அவள் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் பாப்பாவும் வந்திருந்தாள். எல்லோரும் சமையலறையில் இருந்தோம். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா ஆபரேஷனுக்கு வந்தியே பாப்பா. அன்னிக்குச் செருப்பு கழுவுனியா?"

பாப்பா யோசித்தாள். வேறு யாராவது இருந்தால் கழுவினேன் என்று சொல்லியிருப்பார்கள்.

"இல்லம்மா" என்றாள்.

அக்கா மறுபடி காய் நறுக்கத் தொடங்கினாள். நான் டீயைக் கீழே வைத்தேன். ஆறிப்போயிருந்தது. அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தாயும் மகளும் பேசிக்கொள்ளும் போது நடுவில் நுழைவது எனக்குப் பழக்கமில்லை.

அதன் பிறகு அக்கா அவளிடம் பேசவில்லை. திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாப்பா ஒவ்வொரு வார விடுமுறைக்கும் வந்தாள். செத்த மரங்களை ரம்பத்தால் அறுத்தாள். கிளைகளை இழுத்துப் போட்டு எரித்தாள். அக்கா அவளுக்குச் சாப்பாட்டை வாசல்படியில் மூடிவைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பாப்பா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவாள். சில ஆண்டுகள் அப்படியே ஓடின. ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

"மாமா, ஒரு தடவை மிதிச்சதுக்கு இவ்வளவு ஆகுமா?"

"ஆகலாம்" என்றேன். அறிவியல்படி அது சரியான பதில்.

அத்தானுக்குப் பார்வை நன்றாகத் திரும்பியிருந்தது. நாற்காலியை வாசலில் போட்டுத் தோப்பைப் பார்த்தபடி இருப்பார். ரேடியோ போடுவதை விட்டுவிட்டார். "கண்ணு தெரியாமலே இருந்திருக்கலாம்டா" என்று ஒருநாள் சொன்னார். அந்த வருடக் குளிரில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயதும் ஆகியிருந்தது.

கடைசியில் இரண்டு மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன. இருநூறில் இரண்டு. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. எல்லாம் வீண் இல்லை என்று தெரிந்துவிட்டது. சங்கத்தை அழைத்து வந்தேன். தலைவர் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். அக்காவை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். 'இவ்வளவு பெரிய இழப்பிலும் ஒரு நன்மை' என்று தலைவர் பேசினார். அக்கா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை, மறந்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. குடித்தார்கள்.

அடுத்த பூப்பருவம் நெருங்கியபோது பாப்பா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை. உள்ளேயிருந்து கை அகலப் பட்டைத் துண்டு ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். காய்ந்து சுருண்டிருந்தது. நடுவே ஒரு துளை, வட்டமாக.

"நடுவரிசையில ஆளுயரத்துக்கு விட்டிருந்த அடிக்கட்டை எல்லாம் பேத்தெடுத்துட்டிருந்தேன் மாமா. பன்னெண்டு மரத்துலயும் இது இருக்கு. ஒரே உயரம். எனக்குக் கழுத்து வரைக்கும் வருது. பறவை கொத்துனா இவ்வளவு வட்டமா இருக்குமா?"

ஒரு விடுமுறையில் அவளைச் சங்கத்துக்கு நான்தான் கூட்டிப் போயிருந்தேன். நான் நோய் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

"யார்கிட்டயாவது காட்டினியா?" என்றேன்.

"இல்ல. முதல்ல உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

நான் டீ போட்டேன். அவள் குடிக்கவில்லை. அந்தத் துளையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சின்ன வயதில் ஊசி போடும்போதும் அவள் அழமாட்டாள், உதட்டை மட்டும் கடித்துக்கொள்வாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா" என்றாள் கடைசியில். "நான் சொன்னா நம்பமாட்டா. தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு நினைப்பா."

"சொல்றேன்."

"எப்ப?"

"பூ முடியட்டும் பாப்பா. இப்ப சொன்னா அந்த ரெண்டு மரத்துக்கிட்ட யாரையும் விடமாட்டா. அதோட மகரந்தம் போயிட்டா எல்லாமே வீணாயிடும். உங்கப்பா, நீ, எல்லாரும் பட்டதெல்லாம் வீண்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. பூ முடியட்டும். நானே ஏறி எடுத்துத் தரேன். ஆனா முடிஞ்ச மறுநாள் சொல்லணும்." பட்டைத் துண்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் என்னை அந்த அளவுக்கு நம்பினாள். அதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

இனி அந்த நாள். காலை வெயில், காற்றில்லை. மகரந்தம் எடுக்க அதைவிட நல்ல நாள் அமையாது. அக்கா வீட்டில் இருந்தாள். நானும் பாப்பாவும் மட்டும் இரண்டு மரங்களில் பெரியதற்குப் போனோம். நான் ஐஸ் பெட்டியும் காகித உறைகளும் கொண்டு போயிருந்தேன். அவள் கயிற்றை எறிந்து மாட்டிக்கொண்டு ஏறினாள். பார்க்க அழகாக இருக்கும் அவள் ஏறுவது. அவசரமே இருக்காது.

ஆனால் மரத்தில் அவளுக்குப் பயம் உண்டு. முன்பே சொல்லியிருக்கிறாள். "டவர் இரும்பு மாமா, தட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். மரம் உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க கீழேருந்து பாத்துச் சொல்லணும்."

பாதிப் பூவை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். நல்ல பூவெல்லாம் வெளிப்புறம், ஒரு நீளக் கிளையின் நுனியில் இருந்தது. அங்கே போகக் கயிற்றை மாற்றி அந்தக் கிளையில் கட்ட வேண்டும். அவள் கிளைமேல் கையை வைத்துக்கொண்டு கீழே குனிந்து கேட்டாள்.

"இந்தக் கிளை தாங்குமா மாமா?"

நான் நின்ற இடத்திலிருந்து கிளையின் அடிப்பக்கம் தெரிந்தது. அவளுக்குத் தெரியாது. கிளை தொடங்கும் இடத்தில் பட்டை உள்வாங்கியிருந்தது. நீளமாக ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள். இந்த மரமும் தாங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவற்றைவிட மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அது எனக்குப் பெரிய அடி. நீங்கள் இந்த வேலையில் இல்லாததால் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இத்தனை வருட உழைப்பு.

நான் "ம்" என்றேன்.

அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டது காதில் விழுந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். கயிற்றை மாற்றினாள். என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். நுனிக்குப் போய், எடுக்க வேண்டிய பூவை எல்லாம் பொறுமையாக எடுத்து முடித்தாள். திரும்பும் போதுதான் கிளை போனது. பெரிய சத்தம் இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

மல்லாக்க விழுந்தாள். கிளை பக்கத்தில் விழுந்தது, அவள் மேல் இல்லை. நான் போய்க் குனிந்தேன். கண் திறந்திருந்தது. "மாமா" என்றாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், துடிப்பு இருந்தது. இடுப்புப் பை அவளுக்குப் பக்கவாட்டில் மாட்டியிருந்தது. வெயில் நேராக அதன்மேல் அடித்தது. மகரந்தம் சூடு தாங்காது. கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். கொக்கியைக் கழற்றிப் பையை எடுத்தேன். பூக்களை உறை உறையாகப் பிரித்து, மரத்தின் அடையாளம் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். சாதாரணமாக இரண்டு பேர் செய்கிற வேலை. தனியாகச் செய்ததால் நேரமாயிற்று. அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டியை நிழலில் வைத்தேன். பிறகு அக்கா வீட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓடி மூச்சுவாங்கிக்கொண்டு நின்றால் அக்கா பயந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது முடிந்திருந்தது. உடனே கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் ஆஸ்பத்திரியில் இருந்தவன்தானே.

அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நான் அவகிட்ட பேசலையேடா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் அப்போது சொல்வதில் அர்த்தம் இல்லை. இறந்தவள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும், உயிரோடிருக்கிற தம்பிமேல் வருகிற கோபம் எங்கே போகும். அவள் நிம்மதியையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த மகரந்தம் நன்றாகவே வேலை செய்தது. நிறையக் கொட்டை காய்த்தது. நட்டு வளர்த்து, கன்றுகள் என் உயரத்துக்கு வந்ததும் சென்ற வருடம் நானே நோய் வைத்தேன். பேக்கரி அம்மா டேப் கிழித்துக் கொடுத்தார். ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றையும் எரித்தோம். தோப்பில் அந்த இரண்டு மரமும் போய்விட்டன. ஒரு வழி சரியில்லை என்று தெரிவதும் ஒரு முடிவுதான். அறிவியலில் அதற்கும் மதிப்பு உண்டு.

போன மாதம் சங்கத்தின் கண்காட்சிக்கு வைக்கப் பழைய அடிக்கட்டை ஒன்று வேண்டும் என்று பேக்கரி அம்மா அக்கா தோப்புக்குப் போயிருக்கிறார். பாப்பா பேர்த்தெடுத்துக் குவித்து வைத்ததில் எரிக்காமல் விட்டது கொஞ்சம் இருந்தது. அதில் பார்த்திருக்கிறார். அந்த வட்டத்தை எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர், தெரியாமல் இருக்குமா. என்னிடம் வந்து எதுவும் பேசவில்லை. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

தோப்பை விட்டுவிட்டு அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சமைக்கிறாள், ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைக்கிறாள், நான் வர நேரமானால் வாசலில் நிற்கிறாள். பாப்பாவின் பூட்ஸைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். சில சமயம் எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நோயை அவள்தான் கொண்டுவந்தாள், அது அவளையே கொண்டுபோய்விட்டது என்று ஒருநாள் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. இன்று காலையில் நான் கிளம்பும்போதுகூட எங்கே என்று கேட்கவில்லை. மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கோ என்றாள்.

ஆமாம், நான்தான். தோப்புக்கு நோய் வைத்தது நான், கிளையைப் பார்த்தது நான், பையை முதலில் எடுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் எதையும் ஒளித்து வைத்தவன் இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் வந்து நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.